இரண்டு மாடி இறக்கம்

எங்கள் அப்பாயியை நாங்கள் ஒரு நாளும் மேலே தூக்கிக்கொண்டு போனதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் கீழேதான் இறக்கினோம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போதும் கீழேதான் இறக்கினோம். கணக்கு உதைக்கிறதே என்று நினைப்பவர்கள் அந்தக் காலத்துச் சிங்கப்பூர்த் தோ பாயோவில் குடியிருந்ததில்லை என்று அர்த்தம்.

1968-இல் செராங்கூன் ரோட்டுப் பக்கத்து ஓலைக்குடிசைக் கம்போங்கிலிருந்து, அதாவது எங்கள் வாயில் கம்பம் ஆகிவிட்ட மலாய்க் கிராமத்திலிருந்து, வீவக வீட்டுக்குக் குடிபோனோம். வீவக என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு அம்மா, அப்பாவுக்கு அடுத்துத் தெரியவரும் பெயர் அதுதான். மூன்றறை வீடு, எட்டாயிரம் வெள்ளிக்குள் விலை, 99 ஆண்டுக் குத்தகை. குழாயைத் திறந்தால் தண்ணீர், பொத்தானை அழுத்தினால் லிஃப்ட். அந்த லிஃப்ட் 1, 5, 9 என்று மூன்று மாடிகளில் மட்டும் நிற்கும். நாங்கள் ஏழாவது மாடி.

வெளியே போக வேண்டுமென்றால் ஏழிலிருந்து ஐந்துக்கு இரண்டு மாடி இறங்கி லிஃப்டைப் பிடிக்க வேண்டும். திரும்பி வரும்போது ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறலாம். இல்லை, ஒன்பதுக்குப் போய் இரண்டு மாடி இறங்கலாம். கால் உள்ளவன் எப்படியும் வருவான். 1970-இல் சர்க்கரை வியாதி அப்பாயியின் வலது காலை முழங்காலோடு எடுத்துக்கொண்ட பிறகு, எங்கள் குடும்பம் ஒரு பொறியியல் உண்மையைக் கண்டுபிடித்தது: ஆளைத் தூக்கிக்கொண்டு ஏறுவதைவிட இறங்குவது சுலபம். ஆகவே போகும்போது ஏழிலிருந்து ஐந்து, வரும்போது ஒன்பதிலிருந்து ஏழு. எட்டு வருடம் அப்பாயி இறங்கிக்கொண்டே இருந்தாள். ஏற்றும் வேலையை அரசாங்கத்து லிஃப்ட் பார்த்துக்கொண்டது.

இதை யார்மேலும் குறையாகச் சொல்லவில்லை. 1961-இல் புக்கிட் ஹோ சுவீ தீயில் ஒரே நாளில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்த ஊர் இது. அப்போது வீவகவுக்கு வயது ஒன்று. முதலில் தலைக்கு மேல் கூரை வேண்டும். லிஃப்டுக்கு மாடிக்கொரு கதவு வைப்பதெல்லாம் அப்புறம். அதுவுமில்லாமல் குடிவந்தவர்கள் எல்லாம் இளவட்டம். வீட்டுக்கு ஐந்து பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் முழங்கால் வலிக்கும் என்று வரைபடம் போட்டவர் நினைக்கவில்லை. பிள்ளைகளாகிய நாங்களும் நினைக்கவில்லை.

அப்பா ஒரு பல்லக்குச் செய்தார். அடுப்படியில் கிடந்த மரநாற்காலி; அதன் இரண்டு பக்கமும் மூங்கில் கழி; கட்டியது, அவர் வேலை பார்த்த துறைமுகத்திலிருந்து வந்த கப்பல் கயிறு. முன்னால் அப்பாவும் எதிர்வீட்டு மலாய்க்கார மாமாவான பாக்சிக்கும், பின்னால் நானும் ஆறாவது மாடி டாக்சி அங்கிளும். படி திரும்பும் இடத்தில் மூங்கில் சுவரில் இடிக்கும். மெதுவாக, மெதுவாக என்று பாக்சிக் மலாயில் "பெலான், பெலான்" என்பார். டாக்சி அங்கிள் ஹொக்கியனில் ஏதோ சொல்வார். அது திட்டு என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அப்பாயி ஒரு கையால் நாற்காலியையும் மறு கையால் குடையையும் பிடித்துக்கொண்டு, "என்னடா, உற்சவரத் தூக்குற மாதிரி இந்த ஆட்டு ஆட்டுறீங்க, நேராப் போங்க" என்பாள். மாடிக்கு மாடி கதவு திறக்கும். "நேனேக், சுடா மக்கான்?" என்று குரல் வரும். சாப்பிட்டாச்சு என்று அப்பாயி கையசைப்பாள். சாமி புறப்பாட்டுக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. மேளம்தான் இல்லை.

வீட்டுக்குள் இன்னொரு ஏற்பாடு. குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு சாண் உயரத்துக்குச் சிமெண்டுத் திட்டு. நமக்கு அது ஒரு எட்டு. அப்பாயிக்கு அது இமயமலை. அப்பா இன்னொரு நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுக் கொடுத்தார். அதற்குக் கீழே வாளி வைப்பதும் எடுப்பதும் அம்மா.

அப்பாயி பகலெல்லாம் தாழ்வாரத்தை ஒட்டிய சன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் எதிர்வீட்டு மலாய்க்கார அத்தை போகிற வருகிற நேரமெல்லாம் கம்பிக்கதவு வழியாக எட்டிப் பார்ப்பார். காலையில் அப்பாயியின் இருமல் கேட்கவில்லையென்றால் அவரே வந்து தட்டுவார். அப்பாயிக்கு மலாய் இருபது வார்த்தை, மக்சிக்குக்குத் தமிழ் பத்து வார்த்தை. அதை வைத்துக்கொண்டு இருவரும் எட்டு வருடம் ஊரை அலசினார்கள்.

தாழ்வாரத்தில் இன்னொருவனும் உண்டு. என் தம்பி 1956-இல் பிறந்தவன். 1958-இல் சிங்கப்பூரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. அந்த வருடம்தான் இங்கே பிள்ளைகளுக்கு வாய்வழித் தடுப்பு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டுக்கு மருந்துக்கு முன்னால் காய்ச்சல் வந்துவிட்டது. இரண்டு காலும் போயிற்று. தொடக்கப்பள்ளி வரை என் முதுகில் போய்ப் படித்தான். அதற்குமேல் அவனும் கனத்தான், என் பாடப்புத்தகமும் கனத்தது. அவன் நின்றுகொண்டான்.

அவனுடைய கையில் வித்தை இருந்தது. தாழ்வாரத்தில் ஒரு பலகை, ஒரு சின்னப் பட்டறைப் பிடி, நாலு அரம். கடிகாரம் பார்ப்பான், பூட்டைத் திறப்பான், சாவி ராவிக் கொடுப்பான். தபால் பெட்டிச் சாவி, சைக்கிள் பூட்டு, அலமாரி, கம்பிக்கதவு எதுவானாலும் ஐம்பது காசு. புளோக்கில் அவன் கைபடாத பூட்டு குறைவு. மற்ற மாடிக்காரர்கள் லிஃப்டில் ஒன்பதுக்குப் போய் இறங்கி வந்து அவனிடம் சாவி போட்டுக்கொண்டு போவார்கள். அவனிடம் மட்டும் எங்கள் வீட்டுச் சாவி கிடையாது. எதற்கு? வீட்டில் எப்போதும் யாராவது இருப்பார்கள். யாரும் இல்லையென்றால் அவன் இருப்பான்.

1972-இல் இங்கிலாந்து ராணி தோ பாயோவைப் பார்க்க வந்தார். பெரிய சதுப்பு நிலம் என்று பெயர் வைத்திருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்த அதிசயத்தை 53-ஆம் புளோக்கின் உச்சியில் நின்று பார்த்தார். ஊரே திரண்டது. அன்று மாலை விவரமெல்லாம் கேட்டுவிட்டு அப்பாயி கேட்டாள்: "அந்தம்மாவ எத்தனை பேரு தூக்குனாங்க?"

1978-இல் அப்பாயி போய்ச் சேர்ந்தாள். பெட்டியை ஏழிலிருந்து ஐந்துக்கு அதே நாலு பேர்தான் இறக்கினோம். படி திரும்பும் இடத்தில் பாக்சிக் பழக்கதோஷத்தில் "பெலான், பெலான்" என்றார்.

இந்தப் பல்லக்குக் கதைக்கு இப்போது நல்ல கிராக்கி. நான் 1953-இல் பிறந்தவன். அரசாங்கக் கணக்குப்படி 1950 முதல் 1959 வரை பிறந்த நாங்கள் மெர்டேக்கா தலைமுறை. சமூக மன்றத்தில் மூத்தோர் நாள் என்றால் 'கம்பத்து உணர்வு' பற்றிப் பேச என்னைக் கூப்பிடுவார்கள். மூன்று இனத்தார் சேர்ந்து ஒரு தமிழ்க் கிழவியைத் தூக்கிய கதையைச் சொல்வேன். ராணி வசனத்தில் சிரிப்பார்கள். பெட்டியை இறக்கும் இடத்தில் கண்ணைத் துடைப்பார்கள். கடைசியில், "அந்தக் காலத்தில் பிடிகம்பி இல்லை, சாய்தளம் இல்லை, மனிதர்கள் இருந்தார்கள்" என்று முடிப்பேன். கைதட்டல் வரும். ஒரு பை நிறைய அரிசி, எண்ணெய், பிஸ்கட் தந்து அனுப்புவார்கள்.

மேடையில் சொல்லாத ஒன்று உண்டு. அப்பாயியின் கருமாதி முடிந்த மறுவாரம் அம்மா, யாரிடம் என்றில்லாமல், "ஒரு படம் பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டாள். எட்டு வருடத்தில் அம்மா ஒரு படத்துக்குப் போகவில்லை. தேக்காவுக்குக் கறிகாய் வாங்கப் போனால் ஒன்றரை மணி நேரம். அதற்குள் திரும்பிவிடுவாள், வாளி காத்திருக்கும். வெளியே போனவள் ஐந்தில் இறங்கி, பையோடு இரண்டு மாடி ஏறி வருவாள்; ஒன்பதுக்குப் போய் இறங்கினால் லிஃப்டுக்கு நிற்கும் நேரம் வீண் என்பாள். அப்பாயியாவது எட்டு வருடத்தில் முப்பது, நாற்பது முறை பல்லக்கில் ஊர்வலம் போனாள். அவளும் ஆஸ்பத்திரி அல்லாத ஒரு இடத்துக்குப் போனதில்லை; கோயிலுக்குப் போகவேண்டும் என்று கேட்டதும் இல்லை. நாலு பேருக்கு எதற்குச் சிரமம் என்று நினைத்திருப்பாள். நாங்களும் கேட்கவில்லை. அவள் கேட்காமலிருந்ததைக் குறை இல்லாமலிருந்ததாக எடுத்துக்கொண்டோம். எங்கள் பாசத்தில் பாதிக்கு மேல் லிஃப்ட் நிற்காததால் வந்தது என்று சமூக மன்ற மேடையில் சொன்னால், அரிசிப் பை கிடைக்குமா தெரியவில்லை.

ஒரு வழியாக லிஃப்ட் வந்தது. எல்லா மாடியிலும் நிற்கும்படி பழைய புளோக்குகளை மாற்றும் திட்டம் 2001-இல் தொடங்கியது. எங்கள் புளோக்குக்கு 2008-இல்தான் வாய்த்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த லிஃப்ட் பல தேர்தல் மேடைகளில் நின்றுவிட்டு வந்தது. புளோக்கில் வாக்கெடுப்பு வைத்து 75 விழுக்காட்டினர் வேண்டும் என்று சொன்னால்தான் வேலை தொடங்கும். எங்கள் மாடியில் ஒருவர் வேண்டாம் என்று வாக்களித்தார். "படி ஏறினா உடம்புக்கு நல்லது" என்று காரணம் சொன்னார். அடுத்த வருடமே அவருக்கு இடுப்பு அறுவை. புது லிஃப்டில் முதல் மாதம் அதிகம் ஏறி இறங்கியவர் அவர்தான்.

பெயரும் மாறிவிட்டது. அறிவிப்புப் பலகையில் 'மின்தூக்கி' என்று எழுதியிருந்தார்கள். தம்பி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "பேரு சரியாத்தான் வச்சிருக்காங்க. இனிமே அதுதானே தூக்கணும்" என்றான். அவனுக்கு அப்போது 52 வயது. அப்பா, அம்மா இல்லை. பாக்சிக் இல்லை. டாக்சி அங்கிள் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். பல்லக்குத் தூக்கியவர்களில் மிச்சம் நான் ஒருவன். எனக்கோ இரத்த அழுத்தம். வருடத்துக்கு இரண்டு முறை பலதுறை மருந்தகத்துக்குப் போவது தவிர அவன் தாழ்வாரத்தைத் தாண்டியதில்லை.

லிஃப்ட் ஏழாவது மாடியில் நின்ற முதல் வாரம், ஒரு நாள் காலை பத்து மணிக்குச் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு, "கீழ போய்ட்டு வரேன்" என்றான். துணைக்கு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். ஒரு மணி ஆயிற்று, ஆள் வரவில்லை. என் மனைவி, "ஏங்க, போய்ப் பாருங்க, எங்க விழுந்து கெடக்குறாரோ" என்று விரட்டினாள். செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் இறங்கினேன். புளோக்கைச் சுற்றினேன். கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் மூன்று காலிக் கோப்பை. என்னைப் பார்த்ததும் தலையை நிமிர்த்தி மேலே காட்டினான். "அண்ணே, இங்கேருந்து பாத்தா நம்ம வீடு எவ்ளோ ஒசரத்துல இருக்கு!"

நாற்பது வருடம் குடியிருந்த வீட்டை அவன் கீழே உட்கார்ந்து சாவகாசமாகப் பார்த்தது அன்றுதான்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் என் சாவிக்கொத்தைக் கேட்டான். வீட்டுச் சாவியைப் பட்டறைப் பிடியில் மாட்டி, பக்கத்தில் ஒரு வெற்றுச் சாவியை வைத்து ராவத் தொடங்கினான். ஊருக்கே சாவி போட்டவன், தனக்காகப் போட்ட முதல் சாவி. பூட்டில் போட்டு இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். எனக்கு அதில் பெருமையாகத்தான் இருந்தது. ஆபத்து எனக்குப் புரியவில்லை.

2011-இல் தனியாகப் போகிறேன் என்றான். என் மனைவி அழுதுவிட்டாள். "நாங்க என்ன கொற வச்சோம்?"

"ஒரு கொறையும் இல்ல அண்ணி. அதான்."

தனியாள் இங்கே வீவக வீடு வாங்குவதென்பதே 1991-இல் வந்த சலுகை. அதற்கும் 35 வயது ஆகியிருக்க வேண்டும், கையில் பணம் வேண்டும். தம்பியிடம் வயது தாராளமாக இருந்தது. ஆகவே வாடகை வீடு. வருமானம் குறைந்தவர்களுக்கு அப்போது ஓரறை வீடு மாதம் 26 முதல் 33 வெள்ளி. சிங்கப்பூரில் அந்தக் காசுக்கு இரண்டு பேர் ஒரு வேளை நல்ல ஹோட்டலில் சாப்பிட முடியாது. அன்றைக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது: தனியாள் இருவர் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். தனியாக இருக்க ஆசைப்பட்டவன் அதற்கு ஒரு ஜோடி தேட வேண்டியிருந்தது.

இன்னொரு கேள்வியும் இருந்தது. வைத்துப் பார்க்க உறவு உண்டா என்று வீவக முகப்பில் கேட்பார்கள். கேட்டார்கள். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். மேடை மேடையாகக் கம்பத்து உணர்வை ஏலம் போட்டவன், 'என்னால் பார்த்துக்கொள்ள முடியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் போலிருக்கிறதே என்று வியர்த்தது. தம்பி முந்திக்கொண்டான். "அவரு பாத்துக்குவாரு. நான்தான் பாத்துக்க விட மாட்டேன்." அதை ஆங்கிலத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று முகப்பிலிருந்த பெண் கொஞ்ச நேரம் யோசித்தார்.

ஜோடியாகக் கிடைத்தவர் ஒரு சீன அங்கிள். சிங்கப்பூர் ஆற்றில் தொங்காங் படகுகளில் மூட்டை இறக்கியவர். பிள்ளை குட்டி கிடையாது. சுமார் 33 சதுர மீட்டரில் ஒரே கூடம், ஒரு சமையல் மூலை, ஒரு கழிப்பறை. படுக்கையறை என்று தனியாக ஒன்று இல்லை. நடுவில் ஒரு கயிறு கட்டி, பூப்போட்ட திரை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் கேண்டனீஸ் நாடகப் பாட்டு, இந்தப் பக்கம் ஒலி 96.8. இருவருக்கும் பொதுமொழி சந்தை மலாய். முதல் வருடம் வானொலிச் சத்தத்துக்காகச் சண்டை. இரண்டாம் வருடம் அங்கிளுக்குக் காது மந்தமானது, சமாதானம் பிறந்தது.

அந்த வீட்டில் சுவரோரம் ஒரு கயிறு தொங்கும். விழுந்துவிட்டால், நெஞ்சு வலித்தால் இழுக்க வேண்டும். கீழ்த்தளத்து மூத்தோர் நிலையத்துக்குத் தகவல் போகும், ஆள் வருவார்கள். குடிபோன முதல் வாரம் அங்கிள் அதில் துண்டு காயப் போட்டார். துண்டை எடுக்கும்போது கயிறும் வந்தது, ஆளும் வந்தார்கள். வெட்கப்பட்ட அங்கிள், மறுபடி கைபடக் கூடாதென்று கயிற்றைச் சுருட்டி உயரத்தில் முடிச்சுப் போட்டுவிட்டார். விழுந்து கிடப்பவன் எழுந்து நின்றால் மட்டும் எட்டுகிற உயரம். தம்பி முடிச்சை அவிழ்த்துத் தரை வரை தொங்கவிட்டான். அதற்கும் ஒரு சண்டை.

2018-இல் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு அதிசயம் பார்க்கத் தம்பியும் நானும் போனோம். கம்போங் அட்மிரல்டி. மூத்தோருக்கான 104 வீடுகள், கீழே சந்தை போல் ஒரு திறந்தவெளி, மேலே உணவங்காடி, அதற்கு மேல் மருத்துவ நிலையம், கூரையில் தோட்டம். முதியோர் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பாலர் பள்ளி. பிள்ளைகள் சத்தத்தில் கிழங்களுக்குப் பொழுது போகட்டும் என்று. அந்த வருடம் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. சொல்லப்போனால் விருது கொடுக்கக்கூடிய கட்டடம்தான். படி இல்லை, தடுக்கும் திட்டு இல்லை. தம்பியின் சக்கர நாற்காலி உள்ளே போய் வெளியே வரும்வரை ஒரு கை உதவி தேவைப்படவில்லை.

"அண்ணே, இது பேரு என்னா?"

"கம்போங்."

"அதுலேருந்துதானே நம்மளக் காப்பாத்திக் கூட்டிட்டு வந்தாங்க?"

இப்போது என் முறை. சிங்கப்பூர்க் குடிமக்களில் 2030-இல் நாலில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்கிறார்கள். அந்த நாலில் ஒருவனாக எங்கள் வீட்டில் நான் ஏற்கெனவே இருக்கிறேன்; இரண்டில் இரண்டு பேர் என்றும் சொல்லலாம். மூட்டு மருத்துவர் என் முழங்கால் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டுக்குக் கேடு." எங்கள் குடும்பத்தின் ஒரே அறிவியல் கண்டுபிடிப்பு அத்தோடு ரத்து.

குளியலறையில் பிடிகம்பி மாட்டிக்கொண்டோம். 2012-இல் தொடங்கிய 'ஈஸ்' திட்டத்தில், மூன்றறை வீடென்றால் செலவில் 5 விழுக்காடு நாம் கொடுத்தால் போதும். தரை ஓட்டில் வழுக்காத பூச்சு, திட்டில் சாய்தளம், கழிப்பறைக்குப் பக்கத்தில் கம்பி. அரை நாளில் வேலை முடிந்தது. மாட்டிவிட்டுப் போன இளைஞன் கம்பியைப் பிடித்துத் தொங்கிக் காட்டினான். அவன் போன பிறகு நானும் பிடித்துப் பார்த்தேன். அப்பாயிக்கு அந்த இடத்தில் இருந்தது அம்மாவின் தோள்.

மகள் ஒரு கையேடு கொண்டுவந்தாள். 'சமூகப் பராமரிப்பு அடுக்குமாடி வீடு.' 2021-இல் புக்கிட் பாத்தோக்கில் முதலில் விற்பனைக்கு வந்த வகை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். 32 சதுர மீட்டர்; தம்பியும் அங்கிளும் திரை போட்டுக்கொண்ட அதே அளவுதான், ஆனால் இது வாங்கும் வீடு, திரைக்குப் பதில் நகரும் கதவு. குத்தகை 15 முதல் 35 ஆண்டு வரை. வாங்குபவருக்கு 95 வயதாகும் வரையாவது வருகிற மாதிரி எடுக்க வேண்டும். அப்பா வாங்கிய வீட்டின் குத்தகை 2067 வரை இருக்கிறது, அப்போது எனக்கு 114. அரசாங்கம் இப்போது கொஞ்சம் நிதானமாகத்தான் கணக்குப் போடுகிறது.

அந்த முதல் விற்பனையில் 15 ஆண்டுக் குத்தகைக்கு வீடு 40,000 வெள்ளியிலிருந்து. அதோடு 'அடிப்படைச் சேவைத் தொகுப்பு' என்று இன்னும் ஒரு 22,000. வீட்டை வாங்குபவர் தொகுப்பையும் வாங்கியே ஆக வேண்டும், விலகிக்கொள்ள முடியாது. தொகுப்பில் என்னென்ன? இருபத்து நாலு மணி நேரமும் அவசர உதவி. அது மக்சிக், இருமல் கேட்காவிட்டால் கதவைத் தட்டியவர். உடல்நலம் விசாரித்தல், அது மாடிக்கு மாடி கேட்ட "சுடா மக்கான்". வீட்டில் சின்னச் சின்னப் பழுது பார்த்தல். அது தம்பி, ஐம்பது காசு. பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள், அது டாக்சி அங்கிளின் ஹொக்கியன். சலவை, சாப்பாடு, ஆள் பராமரிப்பு எல்லாம் கூடுதல் கட்டணம், அது அம்மா.

"இதுக்கெல்லாமா காசு?" என்றேன், மேடைக் குரலில்.

மனைவி கண்ணாடியைக் கழற்றினாள். "அப்பவும் காசுதாங்க. அத்தை கட்டுனாங்க."

விண்ணப்பத்துக்கு முன் நம் நிலைமையை நாமே பார்த்துக்கொள்ளச் சொன்னாள் மகள். அன்றாடச் செயல்கள் ஆறு என்று இங்கே ஒரு கணக்கு: குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிப்பறை போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இதில் நிரந்தரமாகத் துணை தேவைப்படுபவர்களுக்கு முன்னுரிமை. மகள் வரிசையாகப் படித்தாள். ஆறுக்கும் முடியும், முடியும் என்று மார்தட்டினேன். மனைவி இடைமறித்தாள். "சமைக்கத் தெரியுமான்னு அதுல இல்லையா? டீ போட? சட்டை எந்த அலமாரில இருக்குன்னு கேக்கலையா?" இல்லை என்றாள் மகள். "அப்ப அது ஆம்பள எழுதுன ஃபாரம்."

கையேடு இன்னும் மேசையில்தான் கிடக்கிறது. நான் வேண்டாம் என்கிறேன், மனைவி வேண்டும் என்கிறாள். ஐம்பது வருடக் கதைகள் ஓடிய வீட்டை விற்பதாவது என்பது என் கட்சி. கதை உங்களுடையது, அடுப்பு என்னுடையது என்பது அவள் கட்சி.

போன வருடம் ஒரு இரவு தம்பி கழிப்பறையில் விழுந்தான். அங்கிள் அந்த வாரம் ஆஸ்பத்திரியில். தரையில் தவழ்ந்து வந்து கயிற்றை இழுத்திருக்கிறான்; தரை வரை தொங்கவிட்டது வீண்போகவில்லை. சில நிமிடத்தில் ஆள் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் கம்பிக்கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். உள்ளே பூட்டு. பூட்டியவன் பூட்டுச் சாத்திரம் படித்தவன். லேசில் உடைகிற பூட்டா போட்டிருப்பான்? கம்பி வெட்டும் கருவி வந்து, அறுத்து, உள்ளே போக முக்கால் மணி நேரம். அதுவரை அவன் தரையில் படுத்தபடி, எந்தப் பக்கம் அறுத்தால் சீக்கிரம் போகும் என்று வெளியே இருந்தவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தானாம்.

மறுவாரம் பேருந்து பிடித்துப் பார்க்கப் போனேன். நெற்றியில் தையல். புதுப் பூட்டு வாங்கி வைத்திருந்தான், முந்தியதைவிடப் பெரியது. பட்டறைப் பிடியில் ஒரு வெற்றுச் சாவி. கை இப்போது கொஞ்சம் நடுங்குகிறது. அரத்தை இரண்டு கையாலும் பிடித்து, நிறுத்தி நிறுத்தி ராவினான். ஊதித் தூள் தட்டி, பூட்டில் போட்டுப் பார்த்து, என்னிடம் நீட்டினான்.

"உன் வீட்டுச் சாவி பதினேழு வருஷமா என்கிட்ட இருக்குண்ணே. என் வீட்டுச் சாவி உன்கிட்ட இல்ல. கூப்பிட்டா மட்டும் வா. சும்மா சும்மா வந்து பாத்துக்காத."

சரி என்று வாங்கிக்கொண்டேன்.

"ஐம்பது காசு."

சட்டைப் பையைத் துழாவினேன். ஒரு வெள்ளி நாணயம்தான் இருந்தது. கொடுத்தேன். அதை மேசை இழுப்பறையில் போட்டு மூடினான்.

"மிச்சம் ஐம்பது காசு?"

"அது சேவைத் தொகுப்பு" என்றான். "விலகிக்க முடியாது."